உள்பக்கப் பூட்டு

நவம்பர் மாதம் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணியளவில், அடுக்குமாடிக் குடியிருப்பின் ஐந்தாம் தளத்திலுள்ள தம் வீட்டில், எழுத்து மேசைக்கு முன்னால் நாற்காலியில் அமர்ந்தவாறே பேராசிரியர் காலமானார். அவருக்கு வயது எழுபத்து நான்கு. ஒன்பதே முக்காலுக்கு அவருடைய மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அரிசி டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

அரிசியில் சாவி இல்லை.

கையை வெளியே எடுத்து, ஒட்டியிருந்த மணிகளை டின்னுக்குள்ளேயே தட்டிவிட்டு, மூடியை அழுத்தி மூடினாள். பருப்பு, சர்க்கரை, தேயிலை, சோப்புத்தூள் எல்லாம் பார்த்தாயிற்று. சுவர்க் கடிகாரத்தின் முதுகையும் திரைச்சீலையின் மடிப்பையும் குளியலறைத் தொட்டியின் மூடியையும் பார்த்தாயிற்று. அவையெல்லாம் சாவி முன்பு இருந்த இடங்கள். ஒருமுறை வைத்த இடத்தில் அவர் மறுமுறை வைக்கமாட்டார் என்பதை அறிந்துகொண்டேதான் தேடினாள். அறியாத இடத்தில் தேடுவதென்றால் எங்கே தொடங்குவது?

அந்த வீட்டுக்கு ஒரே வாசல். அந்த வாசலுக்கு இரும்பில் ஒரு கதவு. அந்தக் கதவுக்கு ஒரே ஒரு சாவி. வெளியிலிருந்து உள்ளே வருவதற்கு மட்டுமன்று, உள்ளேயிருந்து வெளியே போவதற்கும் அந்தச் சாவி வேண்டும். மாற்றுச் சாவி ஒன்று செய்துகொள்ளலாமே என்று அவள் ஒருமுறை கேட்டபோது, "மாத்துச் சாவின்னு ஒண்ணு இருந்தா அது எதிரியோட சாவி," என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

பேராசிரியர் தம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவை இரண்டு. அயல்நாட்டில் பணம் போடப்போகிறவர்களுக்கு அந்த நாட்டின் அரசியல் எப்போது, எந்தப் பக்கம் சரியும் என்று கணித்துச் சொல்வது ஒன்று. கொடியும் சீருடையும் அறிவிப்பும் இல்லாமல் நடத்தப்படும் போர்களைப் பற்றியது மற்றொன்று. எந்தக் கோட்டையும் வெளியிலிருந்து விழுவதில்லை, உள்ளேயிருக்கும் ஒருவர் கதவைத் திறந்துவிடுவதால்தான் விழுகிறது என்பது அவர் நிறுவிய கொள்கை. திறந்துவிடுபவர் துரோகியாக இருக்க வேண்டியதில்லை. இரக்கப்பட்டவராக இருக்கலாம், தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்தவராக இருக்கலாம், தட்டியவனின் குரலைத் தெரிந்த குரலென்று நம்பியவராக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு அவர் தம் நூலில் 'உள்ளாள்' என்று பெயரிட்டிருந்தார். அந்த நூலின் அச்சுப்படியைத் திருத்தியவள் மனைவிதான். அப்போது அந்தச் சொல் அவளை ஒன்றும் செய்யவில்லை.

பிறகு அயல்நாட்டில் அணை கட்டுபவர்களின் முகாம் பாதுகாப்பானதா என்று ஒரு நிறுவனம் அவரிடம் கேட்டது. 'இடர் குறைவு' என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அடுத்த மழைக்காலத்தில், அடிபட்டவன் என்று சொல்லி நின்ற ஒருவனுக்கு அந்த முகாமின் சமையற்காரர் வாசலைத் திறந்துவிட்டார். முகாமில் யாரும் மிஞ்சவில்லை. அதைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லை. ஆனால் அந்த ஆண்டுதான் மரக்கதவு போய் இரும்புக் கதவு வந்தது. உள்பக்கமும் பூட்டு வைத்ததைப் பார்த்த அன்று, இந்த வீட்டில் உள்ளாள் யார் என்று அவளுக்குப் புரிந்தது.

சாவியை அவர் அடிக்கடி இடம் மாற்றுவார். எந்த நாளில் மாற்றுவார் என்பதற்கு ஒழுங்கு எதுவும் கிடையாது. மாற்றியபின் அவளைக் கிட்டே அழைத்துக் காதோடு காதாக இடத்தைச் சொல்வார். வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும் காதோடுதான். இன்று காலை அவள் குளிக்கப் போகும்போது, "இடம் மாத்தியிருக்கேன். வந்ததும் சொல்றேன்," என்றார். குளித்து வந்து தேநீரை அவர் கையெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு ரொட்டி வாட்டப் போனாள். ரொட்டியோடு திரும்பி வந்தபோது அவர் தலை நாற்காலியின் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. தேநீரில் ஒரு வாய் குறைந்திருந்தது.

முப்பது ஆண்டுகள் மருத்துவமனை மருந்தகத்தில் மருந்தாளுநராக நின்றவள் அவள். நாடி பார்த்தாள். இமையைத் தூக்கிப் பார்த்தாள். கைக்கண்ணாடியை மூக்கருகே பிடித்துப் பார்த்தாள். பிறகு வேறு ஊரிலிருந்த மகளுக்கும், இதே ஊரில் டயர் கடை வைத்திருக்கும் தம்பிக்கும் தொலைபேசியில் சொன்னாள்.

"அழாத அக்கா, இதோ கிளம்பிட்டேன். கதவைத் திறந்து வை," என்றான் தம்பி.

"திறக்க முடியாதுடா."

"ஏன், என்ன?"

"சாவியை எங்க வெச்சார்னு சொல்லாமப் போயிட்டார்."

"வர்றேன்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

அரிசி டின்னைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தபோது மேசைமேல் பேராசிரியரின் தொலைபேசி அடித்தது. அவருடைய முழங்கையைத் தாண்டிக் கைநீட்டி எடுத்தாள்.

"மேடம், வணக்கம். சார் இன்னும் லைனுக்கு வரலையே," என்றது ஓர் இளம் குரல். "பத்து மணிக்குக் கருத்தரங்கு. முதல் பேச்சே சாரோடதுதான். வழக்கம்தான் பலவீனம்ங்கிற தலைப்பு. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"அவர் பேசமாட்டார்."

"கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன் மேடம். பத்து நிமிஷம் பேசினாப் போதும்."

"சொல்லிப் பார்க்க முடியாதுப்பா. இறந்துட்டார்."

மறுமுனையில் அந்தக் குரல் தாழ்ந்தது. "எப்படி மேடம்? யாராவது... ஏதாவது பாதுகாப்புப் பிரச்சினையா?"

"நெஞ்சுவலி. சாதாரணமாத்தான் போனார்."

"ஓ," என்றான் அந்த இளைஞன். அந்த ஒற்றை எழுத்தில் துக்கத்தோடு கொஞ்சம் ஏமாற்றமும் இருந்ததாக அவளுக்குப் பட்டது.

கதவின் நடுவில், மார்பளவு உயரத்தில், ஒரு கை மட்டும் நுழையக்கூடிய திறப்பு ஒன்று உண்டு. உள்பக்கம் தகட்டு மூடி போட்டது. பாலும் செய்தித்தாளும் மருந்தும் அதன் வழியாகத்தான் வரும். அந்த மூடியை வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள். திறந்தாள். எதிர்வீட்டுப் பல் மருத்துவரின் கண்ணும் மூக்கில் பாதியும் தெரிந்தன.

"ஆன்ட்டி, என்ன டமடமன்னு சத்தம்? கோட்டையை இடிக்கிறீங்களா?" குடியிருப்பில் அந்த வீட்டுக்குக் கோட்டை என்று பெயர், பேராசிரியருக்குக் கோட்டை சார் என்று பெயர்.

அவள் சொன்னாள். கண் விலகியது. பிறகு உதடு வந்தது. "ஐயோ, ஆன்ட்டி. நான் வந்து பார்க்கணுமே."

"எப்படி வருவே? சாவி கிடைக்கல."

"நிச்சயமாவா ஆன்ட்டி? மயக்கமா இருக்கப் போகுது."

"எனக்குத் தெரியும்மா. தாடை இறுக ஆரம்பிச்சிருக்கு."

பல் மருத்துவர் திறப்பருகே இன்னும் குனிந்தாள். "சர்டிஃபிகேட் வேணுமே. நான் எழுதிக் கொடுத்தா செல்லாது. எனக்குப் பல்லோட சாவுதான் எழுதத் தெரியும்." சொன்னபின் தன் பேச்சு தனக்கே பொறுக்காமல், "ஸாரி ஆன்ட்டி," என்றாள். "கீழ்த் தெருவுல என் ஃப்ரெண்ட் ஒருத்தர் டாக்டரா இருக்கார். கூப்பிடறேன். ஆனா உடம்பைப் பார்க்காம அவரும் கையெழுத்துப் போடமாட்டார்."

"வரட்டும். வந்து வெளியில உட்காரட்டும்."

தாடை இறுகத் தொடங்கியது உண்மை. அதுதான் அவளை உறுத்தியது. அடுத்தது கழுத்து, பிறகு தோள், பிறகு இடுப்பும் முழங்காலும். அதற்குள் படுக்கவைக்காவிட்டால் மனிதர் உட்கார்ந்தபடியே இருந்துவிடுவார். உட்கார்ந்தவாறே எடுத்துச்செல்லப்படும் கணவனை அவள் கற்பனை செய்து பார்த்தாள். வாசலுக்கு முகம் காட்டி, சுவருக்கு முதுகு காட்டி, அவருக்குப் பிடித்த விதத்திலேயே அமர்ந்து போவார். அதை அவள் விரும்பவில்லை.

நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது. முதுகுப் பக்கமாகப் பிடித்துத் தள்ளினாள். கூடத்தின் வழியாக நேராகவே போயிற்று. படுக்கையறை நிலைப்படியில் முன் சக்கரம் இடித்து நின்றது. அவர் தலை முன்னே சரிந்தது. "இருங்க, இருங்க," என்று சொல்லி, ஒரு கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டு, மறுகையால் நாற்காலியைச் சாய்த்து உள்ளே ஏற்றினாள். கட்டிலையொட்டி நிறுத்தி, அக்குளுக்குக் கீழே இரண்டு கையையும் கோத்து இழுத்தாள். நாற்காலி பின்னால் ஓடிவிட்டது. இருவரும் சேர்ந்தே கட்டிலில் விழுந்தார்கள்.

அவருடைய கனம் முழுவதும் அவள் மேல் இருந்தது. மூச்சு முட்டியது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் கட்டங்கட்டமாக விழுந்திருந்தது. பிறகு ஒரு தோளை நகர்த்தி, ஒரு காலை நகர்த்தி, தன்னை வெளியே எடுத்துக்கொண்டு, அவரை நேராக்கினாள். முழங்கால்களை நீட்டிவிட்டாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல், மறுபடியும் அவருக்கே போட்டுவிட்டாள்.

"எங்க வெச்சீங்க?" என்று கேட்டாள். கேட்டதோடு நிற்காமல், பழக்கத்தினால், காதை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

தம்பி வந்தபோது பதினொன்று ஆகியிருந்தது. திறப்பின் வழியாக அவனுடைய கனத்த விரல்கள் உள்ளே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன. இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்: "இருந்தப்பவும் அத்தான் என்னை உள்ள விட்டதில்ல. போன பிறகும் விடமாட்டேங்கிறார் பாரு."

"விட்டாரே. போன வருஷம் வந்தியே."

"வந்தேன். பாக்கெட்ல என்ன இருக்குன்னு எடுத்து மேஜைமேல வைக்கச் சொன்னார். டயர் கம்பெனி பேனா ஒண்ணு இருந்துச்சு. அதைக் கழட்டிப் பார்த்தார் அக்கா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அறைக்குள் பிணம் கிடக்கும்போது சிரிப்பதா என்று ஒரு கணம் தோன்றியது. அவர் இருந்தபோதும் அந்த வீட்டில் இப்படித்தான் அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது மறுகணம் தோன்றியது.

தம்பி கதவைக் குத்திப் பார்த்தான். தோளால் முட்டிப் பார்த்தான். கதவு அவனைப் பொருட்படுத்தவில்லை. "எனக்குத் தெரிஞ்ச வெல்டர் ஒருத்தர் இருக்கார். லாரி சேஸிஸையே வெட்டுறவர். கையோட கூட்டிட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டுப் போனான். வெல்டர் வேறெங்கோ வேலையில் இருந்ததால் உடனே வர இயலவில்லை. அதற்குள் மகள் வந்துவிட்டாள்.

மகளுடைய விரல்கள் மெலிந்தவை, குளிர்ந்திருந்தன. திறப்புக்கு இந்தப் பக்கம் தாய் அவற்றைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மகள் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். தாயும் மகளும் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் அவர்களுக்கிடையே ஒரு கையளவு ஓட்டைதான் இருந்தது.

அழுகை அடங்கியதும் மகளின் குரல் மாறியது. காப்பீட்டு நிறுவனமொன்றில் பெரிய பொறுப்பில் இருப்பவள் அவள். எது நடந்தாலும் அடுத்தது என்ன என்று கேட்கும் பழக்கம் தந்தையிடமிருந்து வந்தது.

"கதவை வெட்ட வேண்டாம்மா. சாவியைத் தேடு. மாமாவுக்குப் போன் பண்ணி வெல்டர் வேண்டாம்னு சொல்லிடவா?"

"ஏன் வெட்டக் கூடாது?"

"வெட்டிட்டா வீடு திறந்து கிடக்கும். யாராவது இங்கயே இருக்கணும். சாவி கிடைச்சுதுன்னா, அப்பாவை அனுப்பிட்டு, வீட்டைப் பூட்டிட்டு, சாயங்காலமே உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவேன். உன் ரூம் தயாரா இருக்கு. அப்பாவே வந்து சுத்திப் பார்த்துட்டு, இங்கன்னா கவலை இல்லன்னு சொன்னார். ஞாபகம் இருக்கா?"

நினைவிருந்தது. மகளின் குடியிருப்பைச் சுற்றி உயரமான மதில். மூன்று இடத்தில் காவல். அவர் அன்று முழுவதும் மதிலையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

"அங்க கடைக்கு நடந்து போக முடியுமா?"

"கடைக்கா? எதுக்கும்மா? எல்லாம் வாசலுக்கே வந்துடும்."

"சும்மா நடக்கணும்னா?"

"உள்ளயே நடைபாதை இருக்கு. வட்டமா. வெளியே போகணும்னா கேட்ல உன் முகத்தைப் பதிஞ்சு வெச்சுடலாம். நீ தாண்டினா என் போன்ல மணி அடிக்கும். நானே வந்து கூட்டிட்டுப் போவேன்." மகள் மறுபடியும் அழத் தொடங்கினாள். "உன்னைத் தனியா விட்டுட்டு எனக்கு எப்படிம்மா தூக்கம் வரும்?"

அந்தக் குரலில் அன்பு இருந்தது. அவருடைய குரலிலும் இருந்தது, எப்போதும் இருந்தது. மருந்தகத்துக்கு ஒரே வழியில் நடக்காதே என்று சொன்னபோதும், ஒரே நேரத்தில் கிளம்பாதே என்று சொன்னபோதும், கடைசியில் வேலையையே விட்டுவிடு என்று சொன்னபோதும், அவர் கண்ணில் தெரிந்தது பயமும் அன்பும்தான். அதிகாரமாக இருந்திருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். அதன்பின் இருவரும் சேர்ந்து மட்டுமே வெளியே போனார்கள். அவருக்கு முழங்கால் வலி வந்தபின் இருவருமே போகவில்லை.

"தேடுறேன்," என்றாள்.

உண்மையாகவே தேடினாள். படிப்பறைக்குப் போய், அலமாரியின் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். மேசையின் இழுப்பறைகளைக் கழற்றி அடிப்பக்கத்தைத் தடவினாள். நாடுகளின் வரைபடங்களைச் சுவரிலிருந்து இறக்கினாள். அவற்றில் அவர் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக வண்ணம் தீட்டியிருந்தார். ஆண்டுக்கு ஆண்டு பச்சை குறைந்துகொண்டே வந்திருந்தது. கடைசி வரைபடத்தில் பச்சையே இல்லை.

தேடுகிறவன், தான் ஒளித்து வைக்கக்கூடிய இடத்தில்தான் தேடுவான் என்று அவர் சொல்வதுண்டு. ஆகவே தேடுகிறவனுக்கு நினைவிலேயே இல்லாத இடம்தான் நல்ல மறைவிடம் என்பார். நினைவிலேயே இல்லாததை எப்படி நினைத்துப் பார்ப்பது? வரைபடங்களின் நடுவே நின்று அதை யோசித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

வெளியே ஆள்கள் சேர்ந்துவிட்டார்கள். கீழ்த் தெரு மருத்துவர், பல் மருத்துவரின் வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே அமரர் ஊர்தி வந்து நின்றது. தம்பி வெல்டரோடு வந்து சேர்ந்தான்.

வெல்டர் கதவை மேலும் கீழுமாகப் பார்த்தார், கீலைப் பார்த்தார், விரலால் சுண்டிப் பார்த்தார். "யார் போட்ட கதவு இது? நகைக்கடைக்குக் கூட நான் இப்படிப் போட்டதில்ல."

"எங்க அத்தான் சொல்லிச் செஞ்சது," என்றான் தம்பி.

"பெரிய எதிரி யாராவது உண்டோ?"

"உண்டு. நான்தான்."

"மாமா!" என்றாள் மகள்.

"சரி, சரி. ஆரம்பிங்க."

"கொஞ்சம் இருங்க," என்றாள் மகள். "அம்மா தேடிக்கிட்டிருக்காங்க. கிடைச்சுடும்."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. ஆனா வெட்ட ஆரம்பிச்சப்புறம் சாவி கிடைச்சு ஒண்ணும் ஆகாது. இந்தப் பூட்டை வெட்டினா வெட்டினதுதான்." வெல்டர் திறப்பருகே குனிந்து உள்ளே குரல் கொடுத்தார். "அம்மா, நான் மெஷினைப் போட்டா பொறி உள்ள பறக்கும். திரைச்சீலையைக் கழட்டிடுங்க. தரையில தண்ணி தெளிச்சு விடுங்க. கால்ல செருப்போ ஷூவோ ஏதாவது மாட்டிக்கங்க, இரும்புத்தூள் ஏறிடும்."

அவள் திரைச்சீலையைக் கழற்றினாள். வாளியில் நீர் எடுத்து வந்து தெளித்தாள். காலில் போட்டுக்கொள்ள எதையாவது தேடினாள். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்து பழகியவள். வாசலோரத்தில் காலணி வைக்கும் தட்டு ஒன்று இருந்தது. மேல்தட்டில் அவருடையவை. அடித்தட்டில், குனிந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி, ஒரு ஜோடி பழுப்பு நிற ஷூ இருந்தது. மருந்தகத்தில் நாள் முழுவதும் நிற்கவும், போக வர நடக்கவும் அவள் வாங்கியது. அப்படி ஒன்று தன்னிடம் இருப்பதையே மறந்திருந்தாள்.

எடுத்தாள். தூசி மெத்தையாகப் படிந்திருந்தது. வலது ஷூவின் மேல், தூசியில், பெருவிரல் ஒன்றும் மற்ற விரல்கள் நான்கும் தொட்ட தடம் இருந்தது. தடம் புதியது.

ஸ்டூலில் உட்கார்ந்து வலது காலை நுழைத்தாள். கால்விரல் நுனியில் குளிர்ந்த இரும்பு பட்டது. எடுத்துப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆனாலும் ஷூவைக் கழற்றிச் சாய்த்துப் பார்த்தாள். நீல நூல் கட்டிய சாவி, நுனிவரை தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

அவள் இனி ஒருபோதும் தொடமாட்டாள் என்று உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தை அவர் வீடு முழுவதும் யோசித்துக் கண்டுபிடித்திருந்தார். கண்டுபிடித்துவிட்டு, வழக்கம்போல, வந்து காதோடு சொல்லவும் இருந்தார். எந்த முகத்தோடு சொல்லியிருப்பார் என்று பார்க்க முயன்றாள். கட்டிலில் மூக்குக்கண்ணாடியோடு கிடந்த முகம் மட்டுமே வந்தது.

"அம்மா?" திறப்பில் மகளின் கண் தெரிந்தது. ஸ்டூல் இருந்த மூலை அந்தக் கண்ணுக்கு எட்டாது. "என்னம்மா சத்தத்தையே காணோம்? கிடைச்சுதா?"

எழுந்து நாலடி நடந்து, அதைத் திறப்பின் வழியாக நீட்டினால் போதும். கதவு திறக்கும், மருத்துவர் கையெழுத்திடுவார், அவரைக் கொண்டுபோவார்கள். திரும்பி வந்ததும் மகள் அதே சாவியால் வீட்டைப் பூட்டுவாள். காரின் பின்சீட்டில் அவளை உட்காரவைத்து, பெல்ட்டையும் தானே மாட்டிவிடுவாள். இரவுக்குள் மதில் வந்துவிடும்.

"அம்மா!"

"இருக்கேன்."

"கிடைச்சுதா இல்லையா?"

அவள் காலை மறுபடியும் ஷூவுக்குள் நுழைத்தாள். சாவி விரல்களுக்கு அடியில் போய் அமர்ந்தது. நாடாவை இறுக்கிக் கட்டினாள். இடது ஷூவையும் போட்டுக் கட்டினாள். தூசியைத் தட்டவில்லை.

"வெட்டச் சொல்லும்மா," என்றாள்.

"இன்னும் கொஞ்சம் பாரேம்மா. அப்பா யோசிச்சு வெச்ச கதவும்மா இது."

"உங்கப்பா விறைச்சுக்கிட்டிருக்கார். வெட்டச் சொல்லு."

மகளுடைய கண் திறப்பிலிருந்து விலகவில்லை. அது தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையைத் தாய் அறிவாள். யாரை நம்பலாம் என்று எடைபோடும் பார்வை அது. அவளும் பதிலுக்குப் பார்த்தாள். கடைசியில் கண் விலகியது.

"கீல் பக்கமா, பூட்டுப் பக்கமா?" என்று வெல்டர் கேட்டார். "கீல் பக்கம் வெட்டினா பூட்டை மட்டும் காப்பாத்தலாம்."

"பூட்டுப் பக்கம்," என்றாள் உள்ளேயிருந்து.

எந்திரம் அலறியது. கதவின் விளிம்பில் ஒரு செம்புள்ளி தோன்றிக் கோடாக நீண்டது. பொறிகள் கூடத்துக்குள் சொரிந்தன. ஈரத்தரையில் விழுந்து சீறி அணைந்தன. காதைப் பொத்திக்கொள்ளாமல், படுக்கையறை நிலைப்படியில், அவருக்கும் கதவுக்கும் நடுவே நின்று அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எரிந்த இரும்பின் நாற்றம் வீடெங்கும் நிறைந்தது. பிறகு ஏதோ தரையில் கனமாக விழுந்தது. தம்பி தோளைக் கொடுத்து ஒரே தள்ளாகத் தள்ளினான். கதவு முழுவதுமாகத் திறந்து சுவரில் மோதியது. நடைவழியின் காற்று, யாருடைய வீட்டிலிருந்தோ வந்த தாளிப்பு வாசனையோடு, உள்ளே வந்தது.

மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட்டார். நால்வர் தூக்கினார்கள். அவர் முழு நீளத்துக்கு நேராகவே கிடந்தார். கையும் காலும் ஒழுங்காக இருந்தன. எப்படித் தனியாகப் படுக்கவைத்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. மின்தூக்கியில் தூக்குப்படுக்கை நுழையாததால் படி வழியாக இறக்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவளும் இறங்கினாள்.

"காலை ஏம்மா சாய்ச்சு சாய்ச்சு வைக்கிறே? கால் வலியா?" என்று மகள் கேட்டாள்.

"இல்ல. ஷூ போட்டு ரொம்ப நாளாச்சு."

மகள் கீழே குனிந்து அந்த ஷூவைப் பார்த்தாள். தாயின் முழங்கையைப் பிடித்திருந்த கையை மட்டும் கொஞ்சம் தளர்த்தினாள்.

எல்லாம் முடிந்து அவர்கள் திரும்பியபோது மாலை வெளிச்சம் இன்னும் இருந்தது. வாசல் திறந்தே கிடந்தது. வீட்டில் ஒன்றும் களவு போகவில்லை. அவள் வாசலுக்கு வெளியே நின்று நாடாவை அவிழ்த்து, ஷூக்களைச் சாவியோடே கழற்றி, நடைவழிச் சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்தாள்.

"வெளியில வெச்சா யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்க ஆன்ட்டி," என்றாள் பல் மருத்துவர்.

"எடுத்தா எடுக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

வீட்டைப் பூட்ட வழியில்லாததால், அம்மா இப்போதைக்கு இங்கேயே இருப்பதென்றும், தம்பி சில நாள் கூடத்தில் படுத்துக்கொள்வதென்றும், மகள் நினைத்த நாளில் வந்துபோவதென்றும் அன்று மாலை முடிவாயிற்று. இரும்புக் கதவை வெல்டர் எடுத்துக்கொள்வார். அந்த இடத்தில் மரக்கதவு வரும். உள்பக்கம் தாழ்ப்பாள் மட்டும் இருக்கும். வெளிப்பூட்டுக்குச் சாவி மூன்று. அவற்றில் ஒன்று எதிர்வீட்டில் இருக்கும். தச்சர் வருவதற்கு ஒரு வாரம் ஆகலாம் என்றார்கள். அதுவரை வாசலுக்கு ஒரு போர்வை போதும் என்று அவள் சொன்னாள், அதுவும் ஏற்கப்பட்டது.